அக்குள் கறையும் உப்புத் தண்ணீரும்

கறை எங்கிருந்து வருகிறது

வெள்ளைச் சட்டையின் அக்குளில் படியும் மஞ்சளுக்கு வியர்வை மட்டுமே காரணம் அன்று. உடலெங்கும் பரவியுள்ள வியர்வைச் சுரப்பிகள் விடுவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அது துணியில் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஒரே அலசலில் போய்விடும். திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டில் வேலை முடித்து வருகிறவரின் முதுகில் தெரியும் வெள்ளைக் கோடுகள் இந்த வகை.

அக்குளில் இன்னொரு வகைச் சுரப்பியும் உண்டு. பருவ வயதில் வேலையைத் தொடங்கும் அது, கொழுப்பும் புரதமும் கலந்த கெட்டியான நீரை விடுகிறது. அந்த நீருக்கும் தன்னளவில் வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைப்பதால்தான் நாற்றம் எழுகிறது. துணியில் ஏறிய கொழுப்பு காற்றுப் பட்டு நாளடைவில் மங்கலான மஞ்சளாக மாறும்.

தொட்டால் அட்டைபோல் விறைத்திருக்கும் அழுத்தமான மஞ்சள் வேறு. அதில் பெரும்பாலும் அலுமினியம் கலந்திருக்கும்.

ஒரே பெயரில் இரண்டு பொருள்கள்

கடைகளில் ‘டியோ’ என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் விற்கின்றன. ஒன்று வாடையை மறைப்பது: ஆல்கஹாலும் நறுமணமும் சேர்ந்தது. மற்றொன்று வியர்வையையே குறைப்பது. அதில் அலுமினியம் குளோரோஹைட்ரேட் போன்ற உப்பு இருக்கும். அது வியர்வைக் குழாயின் வாயில் கரைந்து தற்காலிக அடைப்பை உண்டாக்குகிறது. உருட்டிப் பூசும் ரோல்-ஆன் வகைகளில் பல இந்த இனம். புட்டியின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் 1888-இல் வாடை மறைக்கும் களிம்பும், 1903-இல் வியர்வை குறைக்கும் திரவமும் விற்பனைக்கு வந்தன. தொடக்ககாலத் திரவங்கள் அமிலத் தன்மை மிகுந்தவை, துணியையே அரித்தன. இன்றைய பொருள்கள் துணியை அந்த அளவு அரிப்பதில்லை. ஆனாலும் அலுமினிய உப்பு வியர்வையின் புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து நூலிழையில் ஒட்டிக்கொள்கிறது.

டால்கம் பவுடரும் ஈர அக்குளில் திரண்டு, அடர்நிற ரவிக்கைகளில் சாம்பல் திட்டாக நிற்கும்.

உப்புத் தண்ணீரின் பங்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் தண்ணீர் இரண்டு வகை: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். குழாயில் வரும் நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் போய்விடும். துணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். இப்பக்கத்து ஆறான குண்டாற்றிலும் வெள்ளம் வரும் நாட்கள் கொஞ்சம்தான்.

உப்புத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. கட்டி சோப்பு அவற்றோடு சேர்ந்தால் நுரைக்காது; தண்ணீரில் கரையாத பிசுக்காகத் திரியும். வாளியின் ஓரத்தில் படியும் சாம்பல் நிறக் கசடு இதுதான். அக்குளில் ஏற்கெனவே கொழுப்பும் அலுமினியமும் ஒட்டிய இடத்தில் இந்தப் பிசுக்கும் ஏறுகிறது. கறை போகவில்லை என்று மேலும் சோப்பு போட்டுத் தேய்த்தால் பிசுக்குதான் கூடும். சட்டையைச் சோப்பே அழுக்காக்கும் விசித்திரம் இங்கே தினமும் நடக்கிறது.

முன்பு சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவி வைத்தபோது உடலின் எண்ணெய்ப் பசை நன்றாகவே போனது. காரம் கொழுப்பை உடைக்கும். அலுமினியக் கறை அப்படி அல்ல. அது காரத்தில் இறுகும், புளிப்பில் இளகும். வாஷிங் சோடாவைக் கூடுதலாகப் போட்டும் பயன் தெரியாததற்கு இதுவே காரணம்.

கறை விழாமல் காப்பது

வியர்வை குறைக்கும் பொருளை இரவில் படுக்குமுன், கழுவித் துடைத்த அக்குளில் மெல்லியதாகப் பூசுவது நல்லது. அப்போது சுரப்பு குறைவாக இருப்பதால் மருந்து குழாய்வாயில் நிற்கும். காலையில் குளித்தாலும் பலன் தொடரும். துணியில் ஒட்டுவது குறையும். காலையில்தான் பூச முடியும் என்றால், அது முழுக்க உலர்ந்த பிறகே சட்டையை மாட்ட வேண்டும். அவசரத்தில் பூசிய ஈரத்தோடு மாட்டுவதால்தான் பாதிக் கறை.

உள்ளே பருத்திப் பனியன் இருந்தால் கறை அதோடு நிற்கும். பட்டு ரவிக்கையில் அக்குள் பகுதிக்குள் கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தித் துணித் துண்டைத் தையற்காரரிடம் சொல்லி வைத்துக்கொள்ளலாம். பாலியெஸ்டர் நாற்றத்தைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும் என்பதை பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வொன்று 2014-இல் காட்டியது. தறிச் சத்தம் ஓயாத அருப்புக்கோட்டையில் பருத்தித் துணிக்குப் பஞ்சமில்லை.

கழற்றிய சட்டையைச் சுருட்டிக் கூடையில் போடாமல், அன்றைக்கே அக்குள் பகுதியை மட்டுமாவது நீரில் அலசிவிடுவது பெரிய வேலை அல்ல. உட்புறத்தை வெளியே திருப்பித் துவைப்பதும், கடைசி அலசலுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோ ஒதுக்குவதும் உதவும். உப்புத் தண்ணீருக்குக் கட்டி சோப்பைவிட டிடர்ஜென்ட் தூள் ஏற்றது. கறை தெரிகிற துணியை இஸ்திரி போட்டால் சூட்டில் அது நிலைத்துவிடும்.

விழுந்த கறையை எடுப்பது

ஒரு பங்கு வெள்ளை வினிகரை நான்கு பங்கு நீரில் கலந்து, அக்குள் பகுதியை அரைமணி நேரம் ஊறவைத்துத் துவைத்தால் புதிய கறை இளகும். எலுமிச்சைச் சாறும் ஓரளவு பயன்படும். பித்தளைக் குடத்தைப் பளபளப்பாக்கும் புளி இங்கே ஆகாது, அதுவே கறை.

பழைய கறைக்கு, வினிகரை நன்றாக அலசி நீக்கிய பின், மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சமையல் சோடாவோடு குழைத்து அரைமணி நேரம் பூசிவைக்கலாம். வெள்ளைப் பருத்திக்கே இது பொருந்தும். பட்டுத் துணியை உலர்சலவைக்குக் கொடுப்பதே மேல். குளோரின் பிளீச் புரதக் கறையை இன்னும் மஞ்சளாக்கும். அதை வினிகரோடு கலந்தால் நச்சு வாயு வெளிவரும். நீலம் போடுவது மஞ்சளைக் கண்ணிலிருந்து மறைக்குமே தவிர எடுக்காது.

தோலையும் கவனிப்பது

அக்குளின் வியர்வையை அடைப்பதால் உடல் சூடேறிவிடாது. அது சிறிய பரப்பு. மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பேச்சுக்கு இதுவரை உறுதியான சான்று இல்லை. சிறுநீரக நோயாளிகள் அலுமினியம் கலந்தவற்றை மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். அரிப்பு, கருமை, படர்தாமரை இருந்தால் பூச்சை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்ப்பது முறை. சவரம் செய்த உடனே பூசினால் எரியும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சட்டை நனைவது, இரவு வியர்வையோடு இருமலும் எடைக் குறைவும் சேர்வது, சர்க்கரை மருந்து எடுப்பவருக்குத் திடீரென நடுங்கி வியர்ப்பது ஆகியவை துணிப் பிரச்சினை அல்ல. முதலிரண்டும் பரிசோதனை தேவைப்படுபவை. மூன்றாவது ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதைக் காட்டலாம். நினைவோடு இருப்பவருக்கு உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வேலை செய்தவருக்கு உடல் கொதித்துப் பேச்சு குழறினால், வியர்வை இருந்தாலும் நின்றிருந்தாலும், நிழலுக்குக் கொண்டுவந்து உடலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.