பழைய டயர்களைப் பூந்தொட்டிகளாக்கும் முறை

டிராக்டரும் டயர் வண்டியும் வந்தபின், தேய்ந்த டயர் ஒன்றிரண்டு கிடவாத களத்துமேடு அரிதாயிற்று. வைக்கோற்போரை மூடிய தார்ப்பாய் காற்றிற் பறவாதிருக்க அவற்றைப் பாரமாக வைப்போரும், மாட்டுக் கொட்டகையின் பின்புறம் குவித்து வைப்போரும் பலர். இவற்றைத் தொட்டிகளாக்கினால் வாசலுக்கு அழகும் பூஜைக்கு மலரும் கிடைக்கும். ஆயினும் முதன்மையான பயன் வேறு. வீட்டிலுள்ளோரைக் கொடிய ஜுரம் ஒன்றிலிருந்து காப்பதே அது.

டயரும் கொசுவும்

டயரைக் கிடத்தினாலும் நிறுத்தினாலும் அதன் உட்குழிவில் மழைநீர் தங்கிவிடும். டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நிழலிலுள்ள இத்தகைய தேங்கு நீரையே நாடும். அது பகலில் கடிக்கும் இயல்புடையது. வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாட்களே போதும். நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, டயரின் உட்சுவரில் அது முட்டையிடும். அம்முட்டைகள் நீரின்றி உலர்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுமழையில் பொரிக்கும். ஆகையால் நீரைக் கவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஏடிஸ் இனக் கொசு ஒன்று கடல் கடந்து சென்று 1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பெருகியிருக்கக் காணப்பட்டது. கப்பலில் இறக்குமதியான பழைய டயர்களின் வழியே அது வந்ததென்று ஆராய்ச்சியாளர் கருதினர். தமிழ்நாட்டில் 2012, 2017 ஆகிய ஆண்டுகளில் டெங்கு மிகுதியாகப் பரவி உயிர்ச் சேதமும் விளைத்ததைக் குடியானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

டயர்களை எரித்து ஒழிக்க நினைப்பதும் தவறு. அப்புகை நச்சுத் தன்மையுடையது. பெருங்குவியலில் தீப்பற்றினால் அணைப்பதும் கடினம். கனடாவில் ஹேகர்ஸ்வில் என்னும் ஊரில் 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பற்றிய டயர்த் தீ 17 நாட்கள் எரிந்தது.

செய்முறை

1. வெடித்து உதிரும் டயர்களையும், கம்பி வெளியே நீட்டியவற்றையும் விலக்குக. மற்றவற்றைச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவுக.

2. டயரைத் தரையிற் கிடத்தி, மேற்பக்கச் சுவரை வட்டமாக அறுத்தெடுத்தால் வாய் அகலும். கத்தியைச் சோப்பு நீரில் நனைத்துக்கொண்டால் ரப்பர் எளிதில் அறுபடும். உள்விளிம்பில் எஃகுக் கம்பி வளையம் இருப்பதால் அதனைத் தொடாது, நான்கு விரற்கடை தள்ளி அறுக்க வேண்டும். சுவரிலும் கம்பி பின்னிய லாரி டயரை அறுக்க முயலாது, முழுதாகவே வைத்துக்கொள்க.

3. அடிப்பக்கச் சுவரில் அரை அங்குலத் துளைகள் ஆறேனும் இடுக. இதுவே இம்முறையின் உயிர்நிலை. துளையில்லாத தொட்டி கொசுவுக்கே தொட்டியாகும்.

4. அடிக்குழிவை உடைந்த ஓடும் மணலும் கொண்டு நிரப்பி, அதன்மேல் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து இடுக. முழுதாக வைத்த டயரில் மேற்சுவரின் உட்புறமும் இடைவெளியின்றி மண்ணைத் திணிக்க வேண்டும். சில வாரங்களில் மண் இறங்கும். அப்போது மேலும் மண்ணிட்டு, நீர் தேங்கும் பள்ளமின்றிச் செய்க.

5. கறுப்பு ரப்பர் வெயிலில் மிகச் சூடேறி வேரை வாட்டும். ஆதலின் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசி, மண்ணின் மேல் சருகு பரப்புதல் நலம்.

ஏற்ற செடிகள்

சாமந்தி, துலுக்கச் சாமந்தி, நித்தியகல்யாணி, கோழிக்கொண்டை ஆகியவை சிறு டயர்களில் நன்கு வளரும். டிராக்டரின் பின்சக்கர டயரில் செம்பருத்தியோ மல்லிகையோ வைக்கலாம். கீரை, முள்ளங்கி முதலிய உணவுப் பயிர்களை இவற்றில் வளர்க்காதிருப்பதே உத்தமம். ரப்பரில் துத்தநாகச் சேர்க்கையும் எண்ணெய்வழிப் பொருள்களும் உண்டு. நாட்பட அவை சிறுகச் சிறுக மண்ணிற் கசியக்கூடும். உண்ணும் கீரைக்குத் தரைப் பாத்தியே சிறந்தது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி மாதத்திலேயே ஊரைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். சைக்கிள் கடை, வண்டிப் பட்டறை, பள்ளிக்கூடத்து விளையாட்டிடம், கூரையின் மேற்பகுதி ஆகிய இடங்களில் டயர் மறைந்திருக்கும். தொட்டிக்கு உதவாதவற்றை மழை படாத கூரையின்கீழ் அடுக்கச் செய்து, பழைய டயர் வாங்கும் வியாபாரியிடம் சேர்ப்பிக்கலாம். வைக்கோற்போரின் மேலுள்ளவற்றை அகற்ற இயலாவிடில், நீர் வடியுமாறு பல இடங்களில் துளையிட்டு வைத்தல் போதும்.

ஓர் ஆள் அரைநாள் உழைத்தால் ஒரு வீட்டின் டயர்களைத் தொட்டிகளாக்கிவிடலாம். ஜுரம் கண்டால் அறுவடைக் காலத்தில் ஆளும் படுப்பார், கைப்பொருளும் கரையும். மழை பெய்யுமுன் துளையிட்டு மண் நிரப்பியவர் வாசலில் மலர் பூக்கும். அவர் பிள்ளைகளும் நலமாயிருப்பர்.