மீனுக்குப் பொரி வேண்டாம்

பம்மலிலிருந்து ஞாயிறு காலையில் பேரனைக் கூட்டிக்கொண்டு சிட்லப்பாக்கம் ஏரிக்குப் போவது என் வழக்கம். கழிவுநீரும் குப்பையுமாகக் கிடந்த ஏரி அது. ஊர்க்காரர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கிச் சீரமைத்தது. இப்போது கரையில் நடக்கலாம், காற்று வாங்கலாம்.

என்னை வருத்துவது, ஆசையாகச் செய்கிற கெடுதல்கள்தான். மீனுக்குப் பொரியும் ரொட்டியும் வீசுகிறார்கள். தின்றது போக மிச்சம் அடியில் தங்கி அழுகும். அழுகும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீரும். வெயில் இல்லாத இரவில் பாசியும் அதையே உறிஞ்சும். அதனால் விடியற்காலைதான் மீனுக்குப் பொல்லாத நேரம். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

"தாத்தா, மீனுக்குப் பசிக்குது, பொரி போடலாம்."

"பசி இல்லடா கண்ணா, மூச்சு முட்டுது."

பொட்டலம் பைக்குள் போய்விட்டது.

வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன டேங்க் கிளீனர் மீனை ஏரியில் விடுவது அதைவிட மோசம். தென் அமெரிக்க மீன் அது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு. வலையில் மாட்டினால் வலையையே கிழிக்கும். வேண்டாமென்றால், திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.

தூண்டில் போடுபவர்கள் அறுந்த நரம்பைச் சுருட்டி எடுத்துப் போக வேண்டும். முக்குளிப்பான் காலில் அது சுற்றினால் பறவை தப்பாது.

கரைக்கு வருகிற நாமும் கவனமாக இருக்க வேண்டும். தூர்வாரிய ஏரியில் ஆழம் ஒரே சீராக இருக்காது. முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கலாம். நீச்சல் தெரிந்தவரையும் சேறு பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்துங்கள்.