குணச்சித்திர நடிகர் பூர்ணம் விசுவநாதன்

கதாநாயகனின் பெயர் சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். குணச்சித்திர நடிகரையோ, "அந்த அப்பா வேஷக்காரர்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அப்படிப் பலரும் முகத்தால் மட்டுமே அறிந்திருந்த ஒருவர் பூர்ணம் விசுவநாதன். தமிழகத்துக்கு வெளியே வாழும் நாம் அறிய வேண்டிய வாழ்க்கை அவருடையது.

1921-இல் பிறந்த அவர் பதினெட்டு வயதிலேயே நாடகத்தில் நடிக்கத் தொடங்கினார். பிழைப்புக்கு அமைந்த வேலையோ அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிப்பது. 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையதே.

வானொலியில் முகம் தெரியாது, ஒப்பனை உதவாது, உச்சரிப்பு ஒன்றே முதல். அந்தப் பயிற்சி அவரது நடிப்பிலும் தெரிந்தது. கத்திப் பேசாமலே கோபத்தையும் இயலாமையையும் கேட்பவர் மனத்தில் பதிய வைப்பார். 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) படத்தில் டில்லியில் வேலையின்றித் தவிக்கும் இளைஞனின் தந்தை, 'வருஷம் பதினாறு' (1989) படத்தில் கூட்டுக் குடும்பத்தின் தாத்தா, 'மகாநதி' (1994) படத்தில் சிறையில் வாடும் பஞ்சாபகேசன் என்று எந்த வேடத்தில் வந்தாலும், நம் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பார்ப்பது போலவே இருக்கும்.

அவருடைய மேடைப் புகழில் நம் பெங்களூருக்கும் பங்குண்டு. ஜாலஹள்ளி பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்களைப் பூர்ணம் மேடையேற்றி நடித்தார். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில், எதிர்காலத்திலிருந்து வந்த ஒருவன் தம் கண்ணுக்கு மட்டும் தெரிவதால் வீட்டாரிடம் பைத்தியம் என்று பெயர் வாங்கும் ஓய்வுபெற்ற மனிதராக அவர் சிரிக்க வைத்தார். 'ஊஞ்சல்' நாடகத்திலோ, காலம் தம்மைக் கடந்துபோனதை ஏற்க முடியாத முதியவராகக் கலங்க வைத்தார். சுஜாதா 2008 பிப்ரவரியிலும், பூர்ணம் அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதியும் மறைந்தனர்.

ஜோகுபாளையத்திலும் அல்சூரிலும் தலைமுறைகளாக வாழும் நம் குடும்பங்களில், தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் பலர். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால், எழுத்துக்குத் தயங்கும் பிள்ளையும் வசனத்தைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துவிடும். சொல்லின் பொருள் புரிந்தபின் அதைத் தானே படிக்கவும் ஆசைப்படும். சுஜாதாவின் நாடகங்கள் நூலாகவே கிடைக்கின்றன. வரும் பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதோடு, இவற்றில் ஒரு காட்சியையாவது நம் பிள்ளைகள் நடிக்கட்டும். கதாநாயகன் வேடத்துக்குப் போட்டி வந்தால், அப்பா வேடத்தின் அருமையைப் பெற்றோர் எடுத்துச் சொல்லலாமே!