கை உள்ள மிருகம்

'ஹஸ்தி', 'ஹஸ்தி' என்று மூச்சுவிடாமல் பத்து முறை சொல்லிப் பாருங்கள். ஏழெட்டு முறைக்குள் நாக்கு சலித்து, நடுவிலிருக்கும் 'ஸ்'ஸை விழுங்கப் பார்க்கும்!

ஹஸ்தி என்றால் வடமொழியில் யானை. 'ஹஸ்த' என்பது கை. ஹஸ்தி, கை உடையது. ரிக் வேதத்தில் யானைக்கு 'கை உள்ள மிருகம்' என்றே பெயர். பொருத்தம்தான். நம் ஊர் யானையின் தும்பிக்கை நுனியில் விரல்போல ஒரு சதை நீட்டிக்கொண்டிருக்கும் (ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு). அதனால் கீழே கிடக்கும் சின்னப் பொருளைக்கூட அது எடுத்துவிடும். தமிழ் வேறு மொழிக் குடும்பம். ஆனாலும் பழந்தமிழில் யானைக்கு 'கைம்மா' என்றொரு பெயர் உண்டு. மா என்றால் விலங்கு.

சரி, அந்த 'ஸ்' என்ன ஆயிற்று? பேச்சு வழக்கில் ஹஸ்தி 'ஹத்தி' ஆனது. 'ஸ்' போனாலும் அதன் காற்று போகவில்லை; 'தி'யோடு ஒட்டிக்கொண்டது. அதனால் அதைக் கொஞ்சம் ஊதிச் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை, வாயால்தான் காட்ட வேண்டும்.

இந்த மாற்றத்தைக் கல்லிலேயே பார்க்கலாம். சுமார் 2,270 ஆண்டுகளுக்கு முன் அசோகர் ஒரே செய்தியைப் பல ஊர்ப் பாறைகளில் வெட்டவைத்தார். அவருடைய நான்காம் பாறைக் கல்வெட்டில் யானை வருகிறது. குஜராத்தின் கிர்நாரில் அது 'ஹஸ்தி'. இமயமலை அடிவாரத்துக் கால்சியில் 'ஸ்' இல்லை! அரசர் ஒருவர்தான், ஊருக்கு ஊர் நாக்கு வேறு.

அதன் பிறகு இந்தியில் 'த்'தின் அழுத்தம் குறைந்தது. அதற்கு ஈடாக முன்னெழுத்து நீண்டு 'ஹாத்தி' ஆனது. கையும் அப்படியே 'ஹாத்' ஆயிற்று. மராத்தி யானையோ நீள மறுத்து 'ஹத்தி'யாகவே நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சிங்களம். அங்கே 'ஹ'வும் உதிர்ந்துவிட்டது. கை 'அத்த' ஆனது. யானைச் சொல்லில் மட்டும், பின்னால் இருந்த 'இ' முன்னால் இருந்த 'அ'வைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. அதனால் தந்தமுள்ள ஆண் யானையை, அ-வுக்கும் எ-வுக்கும் நடுவான ஒலியோடு, 'எத்தா' என்கிறார்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. 'மஸ்தக' என்றால் தலை. மேலே சொன்னபடி 'ஸ்'ஸை நீக்கி, முன்னெழுத்தை நீட்டுங்கள். கடைசி 'க'வும் தேய்ந்து போகட்டும். இந்தி தெரிந்தவர் யாரிடமாவது நெற்றிக்கு என்ன சொல் என்று கேட்டு, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.