டிக்ஷனரிக்குள் புகுந்த பேய்ச்சொல்!

புதிய ஆங்கில வார்த்தை ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள்? டிக்ஷனரியைப் புரட்டுவீர்கள். அதில் போட்டிருந்தால் சரியாகத்தான் இருக்கும், இல்லையா? ஆனால், ஒரு பெரிய டிக்ஷனரியே ஏமாந்துபோன கதை தெரியுமா?

1934ம் ஆண்டு. அமெரிக்காவில், 'வெப்ஸ்டர்ஸ் நியூ இன்டர்நேஷனல் டிக்ஷனரி'யின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. சுமார் 6 லட்சம் பதிவுகள் கொண்ட குண்டு புத்தகம் அது! அதில், 'டோர்ட்' என்று ஒரு சொல். டி, ஓ, ஆர், டி என்று நான்கே எழுத்துக்கள். இயற்பியல், வேதியியலில் அதற்கு, 'அடர்த்தி' என்று பொருள் போட்டிருந்தது. உச்சரிப்பு கூட கொடுத்திருந்தனர். வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் கிடையவே கிடையாது!

பின், எப்படி வந்தது?

அடர்த்தியைக் குறிக்க, 'டி' என்ற எழுத்தைப் பயன்படுத்துவர். பெரிய எழுத்தும் போடலாம். சின்ன எழுத்தும் போடலாம். இதை, அந்த டிக்ஷனரியின் வேதியியல் ஆசிரியர் ஆஸ்டின் பாட்டர்சன், 1931 ஜூலை 31ல், ஒரு சிறு சீட்டில் எழுதி அனுப்பினார். 'டி ஆர் டி' என்பதுதான் அதில் இருந்தது. 'ஆர்' என்றால், 'அல்லது' என்பது உங்களுக்குத் தெரியுமே!

சுருக்கெழுத்துக்களோடு சேர வேண்டிய அந்தச் சீட்டு, வார்த்தைகளின் கட்டில் சேர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில், டிக்ஷனரிக்கான சொற்களை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு டைப் செய்வது வழக்கம். அதனால், 'டி ஆர் டி' என்பதையும் ஒரே வார்த்தை என்று நினைத்து ஒட்டிவிட்டனர். பிறந்தது, 'டோர்ட்!'

1939 பிப்ரவரி 28ல், ஆசிரியர் ஒருவர் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்ற விவரமே இல்லையே என்று அவருக்குச் சந்தேகம். பழைய சீட்டுக்களைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, குட்டு வெளிப்பட்டது. பிறகு, 'டோர்ட்' நீக்கப்பட்டது.

இப்படி, தவறுதலாகப் பிறக்கும் வார்த்தைகளுக்கு, 'கோஸ்ட் வேர்ட்' அதாவது, 'பேய்ச்சொல்' என்று பெயர். 1886ல் இப்பெயரைச் சூட்டியவர், வால்டர் ஸ்கீட் என்ற ஆங்கிலேய மொழி அறிஞர்.

பேய்ச்சொல் என்ற பெயரை எப்படிப் பயன்படுத்துவது? யாராவது ஒரு சொல்லைத் தப்பாகப் படித்து, அது புத்தகத்திலும் ஏறிவிட்டால், 'இது ஒரு பேய்ச்சொல்' என்று சொல்லலாம். நாமே விளையாட்டாக உருவாக்கும் வார்த்தை பேய்ச்சொல் ஆகாது. தவறால் பிறந்திருக்க வேண்டும்.

பார்த்தீர்களா குட்டீஸ்... பெரிய அறிஞர்கள் கூடித் தயாரித்த புத்தகத்திலும் பிழை வரலாம். 'எங்கிருந்து வந்தது?' என்று ஒருவர் கேட்ட கேள்வி தான், அதைப் பிடித்துக் கொடுத்தது. நீங்களும் புதிய வார்த்தையைக் கற்கும்போது, பொருளோடு நிறுத்தாமல், அது பிறந்த கதையையும் தேடுங்கள். பாடப் புத்தகத்தில் சந்தேகம் வந்தால், தயங்காமல் டீச்சரிடம் கேளுங்கள், சரியா?