எந்த மலை, எந்தப் பொழுது?

மைசூருக்கு வருகிற யாத்திரிகர்கள், பெரிய அரண்மனையையும் சாமுண்டி மலையையும் தரிசித்த பின், மிஞ்சியிருக்கும் ஒரு மணி நேரத்தை ஜகன்மோகன் அரண்மனைக்கு ஒதுக்குவது வழக்கம். 1861-இல் கட்டி முடிக்கப்பட்டு, 1915 முதல் சித்திரசாலையாக விளங்கிவரும் அம்மாளிகையில், ரவிவர்மாவின் புராண நாயகியர் முன்னும், ஹல்தங்கர் தீட்டிய விளக்கேந்திய மங்கையின் முன்னும் மெய்ம்மறந்து நிற்கிறவர்கள், நிகலஸ் ரோரிக்கின் ஹிமாலயச் சித்திரங்களை அணுகியதும், "இது எந்த மலை?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்பால் நகர்ந்துவிடுகிறார்கள். கதையுள்ள படத்தில் மனக்கொடி படர ஒரு கொழுகொம்பு உண்டு. பாறையும் பனியும் வானமுமே ஆன படத்தில் எதைப் பற்றிக்கொள்வது என்னும் திகைப்பே இதற்குக் காரணம்.

இவ்விடத்தில் நம் பழைய இலக்கணம் கைகொடுக்கிறது. பாட்டுக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும், உரிப்பொருள் அவற்றிடையே எழும் மனித உணர்வு என்று வகுத்த தொல்காப்பியம், மலைநிலமாகிய குறிஞ்சிக்குக் கூதிர்காலத்தையும் நள்ளிரவாகிய யாமத்தையும் உரிமையாக்கிற்று. மலை என்பது ஓர் இடம் மாத்திரமன்று, ஒரு வேளையுங்கூட என்பது அதன் தாத்பரியம். ஆகவே, எந்த மலை என்பதை ஒத்திவைத்து, எந்தப் பொழுது என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

1874-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, 1928-இல் குலு பள்ளத்தாக்கின் நக்கர் கிராமத்தில் குடியேறி, 1947-இல் அங்கேயே காலமான ரோரிக், சிகரங்களை வெவ்வேறு வேளைகளில் சலியாமல் தீட்டியவர். உச்சி மட்டும் பொன்னும் ரோஜாவுமாய்ச் சுடர, அடிவாரம் கருநீலத்தில் ஆழ்ந்திருக்குமானால், கீழே இன்னும் விடியவில்லை அல்லது ஏற்கனவே அந்தி சாய்ந்துவிட்டது என்று பொருள். வெண்பனியின்மேல் விழும் நிழல் கறுப்பாக இராமல் நீலமாக இருப்பதும் ஓவியரின் கற்பனையன்று. வெயில் எட்டாத அவ்விடத்துக்கு வானத்தின் நீல ஒளியே விளக்கு. அருகில் பச்சையாகத் தெரியும் சாமுண்டி மலை, தூரத்திலிருந்து நீலம் பூத்துத் தோன்றுவது இடையிலுள்ள காற்றின் வேலை. காற்று மெலிந்த ஹிமாலய உயரங்களிலோ, தொலைவிலுள்ள முகடுகளும் கத்தியால் அரிந்தாற்போல் தெளிந்து நிற்கும். ரோரிக்கின் வர்ணங்கள் ஒன்றையொன்று கலவாமல், பட்டை பட்டையாய், விளிம்பு கூர்ந்திருப்பதன் ரகசியம் ஓரளவு இதுதான்.

அவர் கையாண்ட டெம்பராவும் இதற்கு இசைந்த சாதனம். ரவிவர்மாவின் எண்ணெய் வர்ணம் பட்டிலும் நகையிலும் பளபளக்கும்; பொடியைப் பசையில் குழைத்துப் பூசும் டெம்பராவோ விரைவில் உலர்ந்து, பழைய கோயிற்சுவர் ஓவியம்போல் மினுக்கமற்று நிற்பதால், அறையின் விளக்கொளியை அதிகம் எதிரொளிக்காமல், தன் சொந்த ஒளியையே நமக்குக் காட்டுகிறது.

பத்தடி பின்வாங்கி, ஒளி எத்திசையிலிருந்து வருகிறது, நிழல் என்ன நிறம், மேகம் எதை மறைக்கிறது என்று நிதானமாகக் கண்ட பின், அருகே சென்று பாறைகளுக்கிடையே தேடுங்கள். அவருடைய பல சித்திரங்களில் ஒரு குதிரை வீரனோ, ஒரு தவசியோ, நகக்கண் அளவில் இருப்பார். அந்தச் சிற்றுருவத்தைக் கண்ட கணத்திலேதான் சிகரத்தின் உயரம் நமக்கு உறைக்கிறது. நிலமும் பொழுதும் விரிந்து கிடக்க, அவற்றிடையே அந்த மனிதப் புள்ளிதான் உரிப்பொருள்.