முதல் கருவியை ஊர் வாங்கட்டும்

2024 பிப்ரவரி 2 அன்று முகத்தில் மாட்டிப் பார்க்கும் ஹெட்செட்டான ஆப்பிள் நிறுவனத்தின் ‘விஷன் ப்ரோ’ அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. விலை 3,499 டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய், வரி தனி. பவர் கண்ணாடி போடுபவர் என்றால் உள்ளே பொருத்தும் லென்ஸுக்கு இன்னும் 149 டாலர். அதே மாதம் 22-ஆம் தேதி, கொடைக்கானலின் குணா குகையில் நடக்கும் கதையான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் திரைக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில் அந்தக் குகைக்குக் கூட்டம் திரண்டது. வந்தவர்கள் பார்த்தது வேலியையும், வேர்கள் தரைமேல் பின்னிக் கிடக்கும் சோலையையும்தான். உள்ளே இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. உயிர்கள் போன இடம் அது. படத்தில் நாம் கண்ட குகையின் உட்புறமும் கேரளத்தில் போட்ட செட்.

ஒரு பக்கம், பார்க்க ஆசைப்பட்டும் பார்க்கக் கூடாத இடம். இன்னொரு பக்கம், போகாமலே ஓர் இடத்தைக் கண்முன் நிறுத்தும் கருவி. இரண்டும் சேர வேண்டியவை. ஆனால் அந்தக் கருவி இந்தியக் கடைகளுக்கு வரவில்லை. 2024 ஜூன் மாதக் கடைசியில் சீனா, ஜப்பான், சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்கும், ஜூலையில் ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளுக்கும் போனது. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரிடம் சொல்லி வாங்கிவரலாம்தான். ஆனால் முகத்தில் ஒட்டி உட்காரும் பகுதியை வாங்குபவரின் முகத்தை ஸ்கேன் செய்து அளவு பார்த்தே தருகிறார்கள். அடுத்தவர் முகத்துக்கு எடுத்தது நம் முகத்தில் சரியாக உட்காராது. ஓரத்தில் வெளிச்சம் கசியும்.

ஏன் இத்தனை விலை? பாதிக் காரணம் உள்ளே இருக்கும் பொருள்களில் இருக்கிறது. தபால்தலை அளவுள்ள இரண்டு திரைகள். இரண்டிலும் சேர்த்து 2 கோடியே 30 லட்சம் பிக்சல்கள். 12 கேமராக்கள். அந்தக் கேமராக்கள் பார்ப்பதை 12 மில்லி செகண்டுக்குள் கண்முன் கொண்டுவர மட்டும் தனியாக ஒரு சிப். அந்த 12 மில்லி செகண்டின் அருமை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். வத்தலக்குண்டில் பஸ் ஏறி, மலைப்பாதை வளைவுகளில் தலைகுனிந்து செல்போன் பார்த்து வந்தவர் பாதி வழியில் ஜன்னலைத் திறப்பார். உடம்பு திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. கண்ணோ எல்லாம் அசையாமல் இருப்பதாகச் சொல்கிறது. இந்த முரண்தான் குமட்டல். ஹெட்செட்டிலும் அதே கதைதான். தலை திரும்பிய பிறகு படம் தாமதமாகத் திரும்பினால் வயிறு புரட்டும். அந்தத் தாமதத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைக்கத்தான் பணம் இறங்கியிருக்கிறது.

மீதிப் பாதிக் காரணம் காலக் கணக்கு: முதலில் வருவது கூடுதல் விலைக்கே வரும். விஷன் ப்ரோவை அறிவித்தது 2023 ஜூன் 5. விற்றது எட்டு மாதம் கழித்து. இடைப்பட்ட காலம், அதற்கு ஆப் எழுதுபவர்களுக்கு விட்ட அவகாசம். முதல் ஐபோனையும் 2007 ஜனவரியில் காட்டி ஜூனில் விற்றார்கள். அப்போதும் விலை கூடுதல் என்ற பேச்சு எழுந்தது. 599 டாலருக்கு விற்ற போனை செப்டம்பரில் 399 ஆக்கினார்கள். முந்தி வாங்கியவர்கள் கொதித்துப் போக, 100 டாலர் கடை வரவு கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. அந்த முதல் ஐபோனும் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்கப்படவில்லை. இங்கே முதலில் வந்தது அடுத்த தலைமுறை, 2008 ஆகஸ்ட் 22-இல், 31,000 ரூபாய்க்கு.

மற்றவர்களின் கதையும் இதுதான். மைக்ரோசாஃப்ட் 2016-இல் தன் ஹோலோலென்ஸ் ஹெட்செட்டை 3,000 டாலருக்கு நேராக டெவலப்பர்களுக்கே விற்றது. அடுத்த பதிப்பின் உற்பத்தியையும் 2024-இல் நிறுத்திவிட்டது. மெட்டா 2022 அக்டோபரில் 1,499 டாலருக்கு விட்ட குவெஸ்ட் ப்ரோ, ஐந்து மாதம் முடிவதற்குள் 999-க்கு இறங்கியது. அதே மெட்டா 2023 அக்டோபரில் குவெஸ்ட் 3-ஐ 499 டாலருக்கும், ஓராண்டு கழித்து 3எஸ்-ஐ 299 டாலருக்கும் கொடுத்தது.

விஷன் ப்ரோவின் விலையைவிட அது வந்த வேளைதான் பெரிய பிழை என்பது என் எண்ணம். எட்டு மாதம் கொடுத்தும் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், ஸ்பாட்டிஃபை ஆகியவற்றின் ஆப்கள் விற்பனை நாளில் அதில் இல்லை. கருவி தயார்; அதில் பார்க்க வேண்டியது தயாரில்லை. 2025 அக்டோபரில் புது சிப் போட்டு வந்த பதிப்புக்கும் அதே 3,499 டாலர்தான். அதே மாதம் சாம்சங் தன் கேலக்ஸி எக்ஸ்ஆரை 1,799 டாலருக்குக் கொண்டுவந்தது.

அப்படியானால் முதல் தலைமுறைக் கருவியை யாருமே வாங்கக் கூடாதா? வாங்கலாம். தனி ஆள் வாங்கக் கூடாது. ஊர் வாங்க வேண்டும். இதற்கு அத்தாட்சி கொடைக்கானலிலேயே நூறாண்டுக்கும் மேலாக நிற்கிறது.

தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876-78 பஞ்சம், இலட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. மழை ஏன் பொய்த்தது, அதற்கும் சூரியனின் புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அதன் பிறகு வலுத்தது. அந்தப் பஞ்சத்தில் ஆங்கிலேய அரசின் தானியக் கொள்கைக்குப் பங்கில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதன் விளைவாக 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. சூரியனை ஒரே ஒரு நிற ஒளியில் படமெடுக்கும் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவி கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. உலகில் அந்த நுட்பம் பிறந்து பதினைந்து ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. இன்றைய பேச்சில் சொன்னால், முதல் தலைமுறைக் கருவி. 1907-இல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட் அதைச் செம்மைப்படுத்தினார். இன்னொன்றைத் தானே கட்டினார். சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை 1909-இல் இந்த மலையிலிருந்துதான் கண்டார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

அந்தக் கருவி ஒரு செல்வந்தரின் பங்களாவில் இருந்திருந்தால் நாலு கோடை விருந்துகளுக்கு வேடிக்கையாகி, பிறகு துருப்பிடித்திருக்கும். பொது நிறுவனத்தில் இருந்ததால் ஆள் மாறினாலும் வேலை நிற்கவில்லை. நூறாண்டுக்கும் மேற்பட்ட சூரியப் படங்கள் சேர்ந்தன. கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் இருந்தவற்றை இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக்கியிருக்கிறது. உலகெங்கும் ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். போட்ட பணத்தை மீட்டுத் தந்தது கருவியின் திறன் மட்டும் இல்லை. அது பொதுவில் இருந்ததும், விடாமல் இயங்கியதும்தான்.

இப்போது குணா குகைக்கு வருவோம். நெரிசலைக் கட்டுப்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் இருந்து வார நாட்களில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். மலை இதற்கு மேல் தாங்காது என்பதை அரசும் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஆள் போகக் கூடாத குகையை, ஆளை இறக்காமல் காட்ட வழி இருக்கும்போது அதைச் செய்யத்தானே வேண்டும்? கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் தொலைநோக்கி வைத்து, சில்லறைக் காசு வாங்கிக்கொண்டு சமவெளியைக் காட்டும் வழக்கம் இந்த ஊரில் ஏற்கெனவே உண்டு. ஒரு கருவி, ஆயிரம் கண்கள். ஹெட்செட்டுக்கும் அதே முறை பொருந்தும்.

குகையைவிட அவசரமான வேலை கீழ்மலையில் இருக்கிறது. தாண்டிக்குடி வட்டாரத்தில் சிதறிக் கிடக்கும் பழங்கால ஈமச் சின்னங்களான கற்திட்டைகளை ஆங்கிலேட் என்ற பாதிரியார் நியூட்டன் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து எழுதியதை, 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை நூலாக வெளியிட்டது. அன்று இருந்தவற்றில் பல இன்று சிதைந்துவிட்டன. மிச்சம் இருப்பதைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் எடுத்து, கணினியில் முப்பரிமாண உருவமாகக் கோக்கலாம். சாதாரண கேமராவும் பொறுமையும் போதும். இப்படி எடுத்த உருவம் எந்த நிறுவனத்தின் கருவிக்கும் கட்டுப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. இன்றைய ஹெட்செட் காலாவதியானாலும் நாளைய ஹெட்செட்டில் திறக்கும். எனவே கருவிக்காகக் காத்திருந்து படம் எடுப்பது தலைகீழ் வரிசை. படத்தை முதலில் எடுத்துவிட வேண்டும். விலை இறங்க இறங்கக் கருவி வாங்கிக்கொள்ளலாம்.

செய்ய ஆள் இல்லாமல் இல்லை. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. கீழே சமவெளியில் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம். சென்னை ஐஐடியில் இந்தத் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. மலைக் கிராமங்களின் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் மலையின் கற்திட்டையைச் சுற்றி நடந்து பார்க்க குவெஸ்ட் 3எஸ் போன்ற விலை குறைந்த கருவி ஒன்று ஒரு பள்ளிக்குப் போதும். ஆப்பிள் தன் கருவியை 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கூடாது என்றும், மெட்டா 10 வயதுக்குக் கீழ் கூடாது என்றும் சொல்வதால் உயர்நிலை வகுப்புகளில் தொடங்குவது நல்லது. கை மாறும்போதெல்லாம் முகத்தில் படும் பஞ்சைத் துடைக்க வேண்டும். மலை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் உலர்வான பெட்டியில் வைக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காமல் கருவி மட்டும் வாங்கினால் அது பீரோவுக்குள் போய்விடும்.

குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்து 2030. அந்த ஆண்டு மலையேற முடியாத முதியவர்களும், இ-பாஸ் கிடைக்காதவர்களும் ஏராளமாக இருப்பார்கள். அவர்களுக்கான ஒளிப்பதிவைத் திட்டமிட இன்னும் காலம் இருக்கிறது. குகைக்குள் கேமராவை இறக்க வனத்துறை அனுமதி வேண்டும். கற்திட்டைகளைப் படமெடுக்கத் தொல்லியல் துறையின் ஒப்புதலும், அவை கிடக்கும் காபித் தோட்டங்களின் உரிமையாளர்கள் சம்மதமும் வேண்டும். இவை ஒரு மாதத்தில் கிடைப்பவை அல்ல. அன்னை தெரசா பல்கலைக்கழகம் தன் முதல் கடிதத்தை இந்த ஆண்டே எழுதிவிடலாம்.